வலப்பக்கத்துக் கோடு

"நிமித்தாதீங்க! அது கவுந்தேதான் இருக்கணும்!"

தையல்காரர் கையிலிருந்த சாம்பல் நிறப் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் பக்கத்துக் கடைக்காரர், வெகு நாள் பழக்கம். கூடத்து அலமாரியில் மற்றக் கேம் பெட்டிகளெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, இது ஒன்று மட்டும் வயிறு மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து, துக்க வீட்டில் தன்னால் ஆன உதவி என்று திருப்பப் போனவர்.

"உள்ள இருக்கிற கண்ணு தேஞ்சுபோச்சு. கவுத்து வெச்சாத்தான் சிடி படிக்கும்," என்றாள் அவள்.

"அப்படியா? மனுஷனுக்கும் இப்படி ஒரு வழி இருந்தா நல்லாருக்குமே," என்று சொன்னவர், எங்கே நின்று சொல்கிறோம் என்பது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் தப்பாக நினைக்கவில்லை. அண்ணன் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பவன் அவன்தான்.

அண்ணன் முன்னறைக் கட்டிலில் கிடந்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வெளிநாட்டிலிருக்கும் அவன் மனைவியும் மகனும் மறுநாள் காலை விமானத்தில் வந்து சேர வேண்டும். அதுவரை உடலை வைத்திருக்கக் குளிர்பெட்டி சொல்லியாகிவிட்டது. குளிர்பெட்டி முன்னறை வாசலில் நுழையாது. கூடத்தில்தான் வைக்க வேண்டும். கூடத்திலோ ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க இடம் கிடையாது. மூன்று சுவரிலும் அலமாரி, அலமாரி முழுக்கக் கேம் பெட்டிகள், அவற்றுக்கு முன்னால் தடித்த பழைய டிவிகள், தரையெல்லாம் வயர்.

"எல்லாத்தையும் பின்னறைல போடுங்கப்பா. ரெண்டோட ரூம்ல நிறைய எடம் இருக்கு," என்றார் சூப்பர்வைசர்.

சூப்பர்வைசர் என்பவர் அவர்களின் பெரியப்பா மகன். வாழ்நாளில் எந்த வேலையிலும் சூப்பர்வைசராக இருந்தவரில்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் பில் போட்டு ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக வந்து, இடுப்பில் கை வைத்து, மற்றவர்களை வேலை வாங்குவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

ரெண்டு என்பது அவள்.

அந்தப் பெயரை வைத்தவன் அண்ணன். கப்பலில் வேலை பார்த்த அப்பா, அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்தது முதல் பெட்டி. மரம்போலத் தெரிகிற தாள் ஒட்டிய நீளப் பெட்டி; ரேடியோவுக்கு இருப்பதுபோல் இரண்டு குமிழ்கள். டிவியில் மாட்டினால் கறுப்புத் திரையில் இந்தக் கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு, அந்தக் கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு, நடுவில் பந்து என்று ஒரு சதுரப் புள்ளி. குமிழைத் திருகினால் கோடு ஏறும், இறங்கும். பந்தைத் தடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இடப்பக்கத்துக் கோடு அண்ணனுக்கு, வலப்பக்கத்துக் கோடு அவளுக்கு. "நான் ஒண்ணு, நீ ரெண்டு," என்றான். அம்மாவே அப்புறம் அவளை அப்படித்தான் கூப்பிட்டாள்.

அதன் பிறகு எத்தனையோ பெட்டிகள் வந்தன. கேசட் சொருகி ஆடும் பெட்டி. ஒரே குச்சியும் ஒரே பொத்தானும் கொண்ட பெட்டி. பிறகு சிவப்பும் வெள்ளையுமாக ஒன்று வந்தது. அதில் இரண்டு கன்ட்ரோலர்கள், பெட்டியிலிருந்து பிடுங்க முடியாதபடி வயரோடு பிறந்தவை. ஒன்றாம் கன்ட்ரோலரில் ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரு பொத்தான் உண்டு. இரண்டாவதில் அது கிடையாது. தொடங்குவதும் நிறுத்துவதும் ஒன்றாம் ஆளின் வேலை என்று அதைச் செய்தவர்களே முடிவு செய்திருந்தார்கள். அவளுக்குத் தாகம் எடுத்தால் அண்ணனைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். "இந்தக் கட்டம் முடியட்டும்," என்பான். எந்தக் கட்டம் முடிந்தாலும் இன்னொரு கட்டம் இருந்தது.

வளர்ந்தபின் அண்ணன் கடை போட்டான். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆட விடுகிற கடை. அவள் கல்லாவில் உட்கார்ந்து நேரம் பார்த்தாள். அவளுக்கு வந்த இரண்டு மூன்று வரன்கள், "பொண்ணு விளையாட்டுக் கடைல உக்காந்திருக்காமே" என்று வந்த வழியே போயின. பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி வாங்கிவிட்டார்கள். கடைக்கு வந்த பையன்களெல்லாம் மீசை வைத்து, அவரவர் பிள்ளைகளுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கடையை மூடியபோது அண்ணன் எதையும் விற்கவில்லை. எல்லாம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. அண்ணி சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்த வீட்ல உக்கார எடமில்ல," என்று மகனோடு போய்விட்டாள்.

அவள் இருந்தாள்.

பார்க்க ஆட்கள் வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள், பழைய வாடிக்கைக்காரர்கள். அண்ணன் ஒவ்வொரு பெட்டியாகக் காட்டிக் கதை சொல்வான். ஒரு காலத்தில் கண்டபடி கேம்களைச் செய்து குவித்துவிட்டு, விற்காததை ஒரு கம்பெனி லாரியில் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் புதைத்த கதையை ரொம்பச் சந்தோஷமாகச் சொல்வான். "பொணத்துக்குக் கூட ஒரு குழிதான் வெட்டுவாங்க, இதுக்கு எவ்ளோ பெரிய குழி பாருங்க!" என்பான். கதை முடிந்ததும் முதல் பெட்டிக்கு வருவான். அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

"ரெண்டு! ஆளு வந்திருக்காங்க!"

"வர்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து வலப்பக்கம் உட்காருவாள். இப்படித்தான்.

இப்போது எல்லாப் பெட்டிகளும் அவள் அறைக்குள் போய்க்கொண்டிருந்தன. முதலில் தரையில் அடுக்கினார்கள். தரை நிறைந்ததும் கட்டில் மேல். "அது இதுக்கு முன்னாடி வரணும்," "அதைத் தனியா வைங்க, கேசட்டுக்குள்ள பேட்டரி இருக்கு, இடிச்சா சேமிச்சதெல்லாம் போயிடும்," என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒழுங்காக அடுக்கினால் என்ன, அடுக்காவிட்டால் என்ன என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்தது. நீலத் துணிப் பை, கட்டி முடித்து ஜிப் போட்டது. கடைசி டிவியை இறக்கி வைத்தபோது அது மறைந்துபோயிற்று.

திங்கட்கிழமை அவள் போவதாக இருந்தது.

பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி வேறொரு ஊரில் வேலை பார்க்கும் பெண்களுக்கு விடுதி நடத்துகிறாள். மேற்பார்வைக்கு ஆள் வேண்டும் என்று வெகு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரூம் சின்னதுடி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஒரு டிவி கூடக் கிடையாது. உனக்குப் பரவாயில்லையா?" என்று சங்கடப்பட்டுக்கொண்டே கேட்டாள். டிவி கிடையாது என்றதும்தான் அவள் வருகிறேன் என்றாள்.

நேற்று அண்ணனிடம் சொன்னாள். அவன் முதல் பெட்டியின் குமிழ்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. "அப்ப வலப்பக்கத்துக்கு யாரு?" என்றான். கோபமில்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டான். அவள் அடுப்படிக்குப் போனாள்.

இன்று பிற்பகல் டீ எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் நாற்காலியில் தலை சாய்ந்து இருந்தான். திரையில் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது.

சங்கிலி என்பதும் அவன் வைத்த பெயர்தான். இரண்டு குமிழ்களையும் குறிப்பிட்ட ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் போதும், பந்து ஒரே வழியில் போய்ப் போய் வரும். யாரும் ஆட வேண்டாம். யாரும் தோற்க மாட்டார்கள். சின்ன வயதில் ஒருநாள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டு, இருவரும் குமிழை அப்படியே விட்டுப் போய்த் திரும்பி வந்தபோது பந்து இன்னும் போய்வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை அண்ணன் அன்றைக்கே குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் கீறி வைத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் கடைசியாகக் காட்டுவான். சாதாரண ஆட்டம் பதினைந்து புள்ளிக்கு மேல் போகாது. பதினைந்து வந்ததும் சட்டென்று சுவிட்சை அணைத்துவிடுவான். "முடிஞ்ச ஆட்டத்தைப் பாக்கக் கூடாது," என்பான். சங்கிலியை மட்டும் அணைக்க மாட்டான்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். உடனே அண்ணனைத் தொடவில்லை. பந்து இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கும், அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோட்டுக்கும் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள்.

குளிர்பெட்டி வந்து இறங்கியது. அண்ணனுக்குச் சட்டை மாற்றும் வேலையில் இருந்ததால் கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை அவள் பார்க்கவில்லை. அவனைத் தூக்கி வந்து பெட்டியில் கிடத்தி, கண்ணாடி மூடியைப் போட்டார்கள். குளிர்பெட்டிக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ராத்திரி தாங்கும், காலைல தாங்கும், கவலப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். தெருக்காரர்கள் வந்து பார்த்துப் போகத் தொடங்கினார்கள். அவள் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பெட்டிக்குள் ஒரு சின்ன பல்பு எரிந்தது. மங்கலாக, பழுத்த இலையின் நிறத்தில்.

அடியில் ஓர் உறுமல். கொஞ்ச நேரத்தில் "டிக்." பிறகு சத்தமே இல்லை. மறுபடி உறுமல். மறுபடி "டிக்."

இரண்டாவது டிக்கில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

கண் மட்டும் வயர் போன வழியே போயிற்று. அலமாரிக்குப் பின்னால், தரையோரமாக இருந்த நீளப் பிளக் பலகையில் சொருகியிருந்தார்கள். அப்பா கொண்டுவந்த வெளிநாட்டுப் பெட்டிகளுக்கு இந்த வீட்டுக் கரண்ட் ஆகாது, எரிந்துபோகும். பாதி கரண்ட்தான் வேண்டும். அதற்காக அலமாரிக்குக் கீழே கரண்டைக் குறைக்கிற ஓர் இரும்புப் பெட்டி உண்டு. அந்தப் பலகை அதிலிருந்து வருவது. அதில் குளிர்பெட்டியின் பல்பு மங்கலாக எரியும், மோட்டார் ஓடாது. பார்க்க மற்றப் பலகைகளைப் போலத்தான் இருக்கும். தெரியாமல் யாரும் சொருகிவிடக் கூடாதென்று அண்ணன் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தான்.

டேப் இப்போது சுருண்டு மூலையில் குப்பையாகக் கிடந்தது. "வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க, வயரும் டேப்புமா," என்று சூப்பர்வைசர் யாரிடமோ சொன்னது முன்னறையில் இருந்த அவள் காதில் விழுந்திருந்தது. என்ன டேப் என்று அப்போது தோன்றவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். வயரைப் பிடுங்கி அடுப்படிச் சுவரில் சொருகினால் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். 'இதெல்லாம் ரெண்டுக்குத்தான் தெரியும்.' மீட்டர் பெட்டி எங்கே என்று கேட்டாலும் அதுதான், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்றாலும் அதுதான், எந்த டிவியைத் தட்டினால் படம் வரும் என்றாலும் அதுதான். அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே அவளை இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். சொன்னவர்கள் எல்லோரும் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும். ஒரே ஒருமுறை, வேறு யாராவது.

உறுமல். டிக்.

பொழுது சாய்கிற நேரம் தையல்காரர் கண்ணாடி மேல் கை வைத்துப் பார்த்தார். சூப்பர்வைசரை ஜாடையாகக் கூப்பிட்டார்.

"ஜில்லுன்னு இல்லையே?"

சூப்பர்வைசரும் கை வைத்துப் பார்த்தார். "மெதுவாத்தான்யா ஆகும். உங்க வீட்டு பிரிட்ஜு போட்ட உடனே ஐஸ் கட்டுதா?"

"என் வீட்ல பிரிட்ஜே இல்ல."

"அப்புறம் பேசாம இரு."

ஆனாலும் அவர் முகம் மாறியிருந்தது. குளிர்பெட்டிக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது. "நல்ல பெட்டிங்க அது. போன வாரம் ஒரு எடத்துல மூணு நாள் ஓடுச்சு, ஒரு குறையும் இல்ல. வேற பெட்டி இப்ப கையில இல்லீங்களே. லைட் எரியுதா?"

"எரியுது."

"லைட் எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு அர்த்தம். கரண்ட் இருந்தா ஓடும்."

போனை வைத்துவிட்டுச் சூப்பர்வைசர் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். வெயில் காலம், இந்தப் புழுக்கத்தில் காலை வரைக்கும் தாங்காது, பையனுக்காகக் காத்திருந்து அசிங்கமாகிவிடக் கூடாது, இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம், வந்து குழியைப் பார்த்துக்கொள்ளட்டும். நின்றவர்கள் தலையாட்டினார்கள். தையல்காரர் மட்டும், "ஒத்தப் புள்ளைங்க," என்றார்.

அந்த நேரத்தில் அவள் கைப்பேசி அடித்தது. அண்ணன் மகன். ஏதோ விமான நிலையம். பின்னால் அறிவிப்புகள் கேட்டுக்கொண்டிருந்தன.

"அத்தை, ஏறப் போறோம். அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு, கேட்டது என்னவென்று புரிந்து அழுதான். "நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்க அத்தை. ஒரு தடவ முகத்தைப் பாத்துக்கறேன்."

"வெச்சிருக்கேன்டா. நீ வா," என்றாள்.

எழுந்து போனாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கினாள். பல்பு அணைந்ததும், "ஏ ரெண்டு, என்ன பண்றே!" என்று சூப்பர்வைசர் கத்தினார். தையல்காரர் கடையிலிருந்து இஸ்திரிப் பெட்டிக்கான நீட்டு வயரை வாங்கி வந்து, அடுப்படிச் சுவரில் சொருகி, குளிர்பெட்டியை அதில் மாட்டினாள். பல்பு பளிச்சென்று வெள்ளையாக எரிந்தது. உறுமல் ஒரு முறை தடுக்கி, பிறகு சீரான ஓட்டமாயிற்று. டிக் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் ஆவி படிந்தது.

"பாத்தியா?" என்றார் சூப்பர்வைசர், எல்லோரையும் சுற்றிப் பார்த்து. "இந்த வீட்டைப் பத்தி ரெண்டுக்குத்தான்யா தெரியும்! அவ இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணனின் முகம் ஆவிக்குப் பின்னால் மெல்ல மறைந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி படிந்தது.

மறுநாள் மகன் வந்தான். பார்த்தான். காலையிலேயே எடுத்தார்கள்.

திரும்பி வந்து குளித்து, தெருக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்ததைச் சாப்பிட்டபின், அண்ணி கூடத்தின் நடுவில் வெறும் தரையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். குளிர்பெட்டியும் போய்விட்டிருந்தது. வெற்று அலமாரிகளில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

"கல்யாணமாகி வந்து இன்னைக்குத்தான் இந்தக் கூடத்துல எனக்கு உக்கார எடம் கெடைச்சிருக்கு," என்றாள் அண்ணி. சிரிக்கப் போய், அழுதாள். அவள் அண்ணியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அம்மா, சும்மா இருங்க," என்றான் மகன். அவன் கண்கள் சிவந்திருந்தன. "அத்தை, நேத்து நீங்க பண்ணதை சூப்பர்வைசர் பெரியப்பா சொன்னாரு. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். ஒண்ணையும் விக்கப் போறதில்ல. வீட்டையும் விக்கப் போறதில்ல. அப்பா வெச்சிருந்த மாதிரியே எல்லாம் இருக்கும். வாசல்ல அப்பா பேரைப் போட்டு ஒரு போர்டு வெப்போம். நீங்கதான் இதுக்கெல்லாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"செலவைப் பத்தி யோசிக்காதீங்க. அதெல்லாம் நான் பாத்துக்கறேன். உங்களை இந்த வீட்டை விட்டு யாராவது போகச் சொல்லிடுவாங்களோன்னு ஒரு பயம் இருந்திருக்கும்ல? அந்த நாளே வராது அத்தை."

"அவளுக்கு இதுலதான்டா உசுரு," என்றாள் அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே. "நான் ஓடிட்டேன். அவதான் நின்னா. இதுலேர்ந்து பிரிச்சா தாங்க மாட்டா."

அவள் இருவரையும் பார்த்தாள். இரண்டு முகத்திலும் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. சண்டையாக இருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அவன் உடனே வேலையைத் தொடங்கிவிட்டான். அப்பாவின் பெட்டிகள் பின்னறையில் மூட்டையாகக் கிடப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, "இது எங்க அத்தை?" என்று கேட்டுக்கொண்டே அலமாரியில் வைத்தான். அவள் தூசியில்லாத சதுரங்களைக் காட்டினாள். கேசட் பெட்டிகள், சிவப்பு வெள்ளைப் பெட்டி, கவிழ்ந்த பெட்டி, கையில் கோலைப் பிடித்து வீசி ஆடுகிற பெட்டி. கடைசியாக, சிடியே போடத் தேவையில்லாமல் எல்லாவற்றையும் காற்றிலிருந்தே இறக்கிக்கொள்கிற மெல்லிய கறுப்புப் பெட்டி. அது அண்ணனுக்குப் பிடிக்காது. "கையில பிடிக்க ஒண்ணும் இல்ல, இது என்ன கேமு," என்பான்.

எல்லாம் வந்தபின் அவன் நீலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. இதுல என்ன அத்தை, வயரா?"

"என் துணி."

"துணியா? எதுக்கு?"

அவன் பதிலுக்காக நிற்கவில்லை. அலமாரிக் கோடியில், கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் பையை வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டான். அதுவும் வரிசையில் ஒன்றாக நின்றது.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தச் சங்கிலியைப் போட்டுக் காட்டுங்களேன். அப்பா போனப்ப அதுதான் ஓடிட்டிருந்துச்சுன்னு சொன்னாங்க."

முதல் பெட்டியை டிவியில் மாட்டினாள். அண்ணன் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அவள் வலப்பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கை நீட்டி இடக் குமிழைப் பென்சில் கோட்டுக்குத் திருகினாள். பிறகு தன் குமிழை. பந்து முதலில் அங்குமிங்கும் அலைந்துவிட்டு, வழியைப் பிடித்துக்கொண்டது. டொக். டொக். டொக்.

"ப்பா," என்றான் அவன் மூச்சை இழுத்து. "எவ்ளோ நேரம் அத்தை இப்படியே ஓடும்?"

"யாராவது தொடுற வரைக்கும்."

அவன் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தான். பந்து போயிற்று, வந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "நீங்க இருக்கிறதுனாலதான் அத்தை இது இப்பவும் ஓடுது," என்றான்.

அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ரெண்டு! இந்த லைட்டுக்கு சுவிட்சு எதுடி?"

வர்றேன் என்று சொல்ல அவள் உதடு பிரிந்தது.

வலது கை குமிழ் மேல்தான் இருந்தது. ஒரு நகக்கண் அளவு திருகினாள்.

வலப்பக்கத்துக் கோடு கொஞ்சம் இறங்கி நின்றது. பந்து அதன் தலைக்கு மேலாகப் போய், திரையின் விளிம்பில் காணாமல் போயிற்று. இடப்பக்கத்துக்கு ஒரு புள்ளி ஏறியது.

"ஐயோ அத்தை, விட்டுடுச்சு!"

"நான் திங்கட்கிழமை ஊருக்குப் போறேன்டா," என்றாள்.

புதுப் பந்து வந்தது. அவன் குமிழைத் தொடவில்லை. திரையைப் பார்க்கவுமில்லை, அவளைப் பார்த்தான். பந்து வலப்பக்கத்துக் கோட்டைத் தாண்டிப் போயிற்று. அடுத்ததும் போயிற்று. அடுப்படியில் அண்ணி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இடப்பக்கத்து எண் ஏறிக்கொண்டே போய்ப் பதினைந்தில் நின்றது.

சுவிட்சை அணைக்க அவன் கை போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தபின்னும் அந்தப் பெட்டியில் பந்து நிற்பதில்லை. டொக் சத்தம் மட்டும் இல்லை. இடப்பக்கத்துக் கோட்டுக்குள் நுழைந்து, வலப்பக்கத்துக் கோட்டுக்குள்ளும் நுழைந்து, இரண்டும் அங்கே இல்லாததுபோல் பந்து திரை முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தது.